ஒருவனின் விருப்பத்தைச் சம்பளமாக்கலாமா?



எங்கள் கோயில் மண்டபத்தில் ஆறு காத்தாடிகள் இருக்கின்றன. மூன்று வருடங்களாக ஞாயிறுதோறும் அங்கே தேவார வகுப்புக்குப் போய்வருகிறேன். ஆனாலும் எத்தனை காத்தாடி என்று யாராவது கேட்டிருந்தால் அண்ணாந்து பார்த்துத்தான் சொல்லியிருப்பேன். எண்ணிச் சொன்னவன் எட்டு வயதுத் தம்பி ஒருவன். வகுப்புக்கு வந்த முதல் நாளே, யாரும் கேட்காமல், "ஆறு. ஒண்ணு ஆடுது" என்றான். அன்று அவன் பேசியது அவ்வளவுதான். மறுவாரம் ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். மூன்றாவது காத்தாடியின் திருகாணி ஒன்று உண்மையிலேயே தளர்ந்திருந்தது.

அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில்தான் எங்கள் கோயில் இருக்கிறது. தோட்டம் போய்விட்டது. பாதி செம்பனை ஆனது, மீதி தாமான் ஆனது. லயத்து வீடுகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. மாரியம்மன் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். கோயிலுக்குப் பின்னால் யாரும் வெட்டாமல் விட்ட நாலைந்து பால்மரங்கள் நிற்கின்றன. அந்தத் தம்பியின் தாத்தா அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர்.

இந்தக் கட்டுரையில் நான் ஒரு கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன். ஒரு மனிதன் ஒன்றின்மேல் உயிரையே வைத்திருக்கிறான். அவனுடைய நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு அந்த விருப்பத்தை நாம் கருவியாக எடுத்துப் பயன்படுத்தலாமா? கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது.

பெயரிலேயே ஒரு தீர்ப்பு

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். ஆட்டிசத்துக்குத் தமிழில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் என்ன வருகிறது? இறுகிப்போன ஒரு மூளை. மருத்துவ ஏடுகளும் இதற்குச் சளைத்தவை அல்ல. ஒரே பொருளின்மேல் மிகத் தீவிரமாகச் செல்லும் ஈடுபாட்டை, ஆட்டிசத்தை அடையாளம் காணும் அறிகுறிகளில் ஒன்றாக அவை வைத்திருக்கின்றன. அதே தீவிரம் நம்மிடம் இருந்தால் அதற்குப் பெயர் வேறு. மான்செஸ்டர் யுனைடெட் விளையாட்டுக்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்காரும் என் நண்பனை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை. "வெறித்தனமான ரசிகன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம்.

அதற்காக ஆட்டிசம் வெறும் ரசனை வித்தியாசம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தம்பிக்குப் பேச்சு குறைவு. உறுமி மேளம் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவான். வழக்கமாக வரும் பாதையில் சாலை வேலை நடந்து, கார் வேறு பக்கம் திரும்பினால் அரை மணி நேரம் அழுவான். அவன் அம்மா ஒழுங்காகத் தூங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. இந்தக் கஷ்டம் உண்மை. ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு நடுவில் அவன் முகம் மலர்வது ஒரே ஓர் இடத்தில்தான். சுற்றும் காத்தாடியின் கீழ். கேடிகேயா, பானாசோனிக்கா என்று தரையில் நின்றபடியே சொல்லிவிடுவான். மூன்று இறக்கையா, ஐந்து இறக்கையா, எந்த எண்ணில் ஓடுகிறது, எல்லாம் தெரியும்.

சுற்றும் பொருளின்மேல் ஆசை என்பது புதிதும் அல்ல. 1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வதைத் தனி நிலையாக விவரித்த கட்டுரை அது. அதில் வரும் முதல் குழந்தையின் பெயர் டோனால்ட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்ப் பையன். கையில் எது கிடைத்தாலும், சட்டியோ மரக்கட்டையோ, தரையில் வைத்துச் சுழற்றுவான். சுற்றுவதைப் பார்த்துத் துள்ளுவான். டோனால்ட் டிரிப்லெட் பிறகு பள்ளி முடித்து, கல்லூரி போய், சொந்த ஊர் வங்கியில் பல ஆண்டுகள் வேலை செய்து, 2023-ல் தம் 89-ஆம் வயதில் காலமானார். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் செய்த தப்பு

தேவார வகுப்பில் தம்பி பாடமாட்டான். மற்ற பிள்ளைகள் பாடும்போது மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே பார்ப்பான். எனக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்குப் பிடித்தது காத்தாடி. அப்படியானால் சுவிட்சு என் கையில்தானே இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு காத்தாடிகளையும் நிறுத்திவிட்டேன். "தம்பி, ஒரு வரி பாடு, அண்ணன் ஒண்ணு போடுறேன்" என்றேன். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரு வரி முனகினான். ஒன்றைப் போட்டேன். இரண்டாவது வரிக்கு இரண்டாவது. அன்று ஆறு வரி பாடினான். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஒரு தங்கச்சி வீடியோ எடுத்து வாட்சாப் குழுவில் போட்டாள். "அருமை அண்ணே!" என்று வரிசையாக வந்தன.

மூன்று வாரம் இப்படி ஓடியது. நான்காவது வாரம் மண்டபத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். உள்ளே வரவில்லை. காத்தாடிகள் ஆறும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவன் மேலே பார்க்கவே இல்லை. என்னைக் கண்டதும் கையால் வாயை மூடிக்கொண்டான்.

அவன் அம்மா சத்தம் போடவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, தெரியும். ஆனா அவனுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் சம்பளமாக்கிட்டீங்களே."

தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் 'சம்பளம்' என்ற சொல்லின் எடை தெரியும். விடியற்காலை பெரட்டுக்குப் போகாதவனுக்குக் கூலி கிடையாது. மழை பெய்தால் பால் இல்லை, பால் இல்லாவிட்டால் காசு இல்லை. உழைப்பை அளந்து கொடுத்த அந்த முறையை நம் தாத்தா பாட்டிகள் எப்படி அனுபவித்தார்கள் என்று மேடைமேடையாகப் பேசுகிற நான், ஒரு சின்னப் பையனின் மகிழ்ச்சியை அதே போல் அளந்து கொடுத்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"ஆனால் பலன் கிடைத்ததே!"

நியாயமான ஒரு மறுப்பு இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மை ஆகாது.

ஸ்டீபன் வில்ட்ஷயர் என்ற ஓவியரைச் சிலர் அறிந்திருப்பீர்கள். 1974-ல் லண்டனில் பிறந்தவர். சிங்கப்பூர் நகரத்தை ஹெலிகாப்டரில் இருந்து பார்த்துவிட்டு, 2014-ல் அதை நினைவிலிருந்தே நான்கு மீட்டர் நீளத்தில் வரைந்து காட்டியவர். சிறு வயதில் அவர் பேசியதே இல்லை. வரைவது மட்டும்தான் அவர் உலகம். அவர் படித்த சிறப்புப் பள்ளியின் ஆசிரியர்கள், வரையும் தாளையும் மற்றப் பொருள்களையும் கொஞ்ச நேரம் எடுத்து வைத்துக்கொண்டார்கள், வாய்திறந்து கேட்கட்டும் என்று. அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் 'தாள்'.

இப்போது சொல்லுங்கள். அந்த ஆசிரியர்கள் செய்தது தப்பா? பேச்சு வந்தது. அவருக்கு ஒரு வாழ்க்கையும் வந்தது. நான் செய்ததும் இதுதானே? பிறகு எனக்கு மட்டும் ஏன் குற்ற உணர்ச்சி?

இதைப் பல நாள் யோசித்தேன். எனக்குப் பட்ட வித்தியாசம் இதுதான். தாளை எடுத்து வைத்த ஆசிரியர்கள் அவர் கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்தது தாளைத்தான். கற்றுக்கொண்ட அந்தச் சொல் அவர் விருப்பத்துக்கே ஒரு சாவி. அடுத்த முறை தாள் வேண்டுமென்றால் அவரே கேட்டுக்கொள்ளலாம். அவர் கை ஓங்கியது. நான் கேட்டதோ எனக்கு வேண்டியதை. தேவாரம் பாடினால் வகுப்புக்குப் பெருமை, எனக்குப் பெருமை. அவனுக்கும் காத்தாடிக்கும் இடையில் நான் வந்து நின்றுகொண்டேன். சுவிட்சு என் கையிலேயே இருந்தது. பாடப்பாட அவன் கை தாழ்ந்தது.

அதற்காக, எடுத்து வைத்துக் கேட்க வைப்பது நல்ல முறை என்று நான் பொதுவாகச் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைக்குச் சொல் பிறந்த அதே முறை, இன்னொரு பிள்ளையை வாசற்படியில் உட்கார வைத்துவிடும். 'பலன் கிடைத்தது' என்பதை மட்டும் வைத்து ஒரு செயலை நல்லது என்று சொல்ல முடியாது. யாருக்குக் கிடைத்தது, எதைக் கொடுத்துக் கிடைத்தது என்றும் கேட்க வேண்டும்.

நிரை எண்ணிய பையன்

இப்போது டோனால்டிடம் வருவோம். 1942-ல், அவனுக்கு ஒன்பது வயது ஆகும் சமயம், பெற்றோர் அவனைத் தங்கள் ஊருக்கு அருகே ஒரு விவசாயத் தம்பதியிடம் தங்க வைத்தார்கள். லூவிஸ் என்ற பெயர். பிள்ளையில்லாத எளிய மனிதர்கள். மருத்துவம் படித்தவர்கள் அல்லர். கேனர் நேரில் போய்ப் பார்த்து வியந்து, பின்னாளில் அதை எழுதியும் வைத்தார்.

டோனால்டுக்கு அப்போது எதையும் அளந்துகொண்டே இருக்கும் பழக்கம். லூவிஸ் அதைத் தடுக்கவில்லை. ஒரு கிணறு தோண்டச் சொல்லி, எவ்வளவு ஆழம் ஆகியிருக்கிறது என்று அளந்து சொல்லச் சொன்னார். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தான். தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு மூலையைக் காட்டி, "இது உன் இடுகாடு" என்று விட்டுவிட்டார்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் நட்டு வைத்தான். சோளக்கொல்லையில் நிரைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். எண்ணிக்கொண்டே உழச் சொன்னார் லூவிஸ். கேனர் போயிருந்தபோது ஆறு நீண்ட நிரைகளை அவன் உழுது காட்டினான். குதிரையையும் கலப்பையையும் நேர்த்தியாக ஓட்டினானாம்.

இங்கே லூவிஸ் என்ன செய்தார்? எண்ணுவதை நிறுத்தவில்லை. "உழுதால்தான் எண்ண விடுவேன்" என்று பேரமும் பேசவில்லை. எண்ணுவதற்குப் பக்கத்தில் ஒரு வேலையைக் கொண்டுவந்து வைத்தார். எண்ணிக்கை அப்படியே இருந்தது. அதற்கு ஒரு நிலமும் ஒரு குதிரையும் கூடச் சேர்ந்தன. டோனால்டுக்கு அந்த வீட்டில் ஓர் இடமும் கிடைத்தது.

இதைப் படித்ததும் தம்பியின் தாத்தாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம தோட்டத்துலயும் ஒரு பையன் இருந்தான்யா. பால்மர நிரையை எண்ணிக்கிட்டே நடப்பான். தப்பே வராது" என்றார். "அவன் என்ன ஆனான் தாத்தா?" என்று கேட்டேன். "அப்பா அம்மா ரெண்டு பேரும் வெட்டுக்குப் போயிருவாங்க. பாத்துக்க ஆளு இல்ல. லயத்துத் தூண்ல கட்டிப் போட்டுட்டுப் போவாங்க. வேற என்ன செய்வாங்க?"

பழைய தோட்டத்தில் எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்தோம் என்று நாம் பேசுவது வழக்கம். அது உண்மைதான். அந்தத் தூணும் உண்மைதான். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் கையும் கட்டப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

ரப்பர் கொட்டைக் காத்தாடி

தாத்தாதான் வழி காட்டினார். காய் வெடிக்கும் காலம் அது. கோயிலுக்குப் பின்னால் நிற்கும் பால்மரங்களின் கீழ் ஒரு டின் நிறைய கொட்டை பொறுக்கி வந்தார். 1877-ல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டதிலிருந்து தொடங்குகிறது நம் பேராக்கின் ரப்பர் கதை. அந்தக் கதையில் கங்காணி உண்டு, கிராணி உண்டு, துரை உண்டு. பிள்ளைகள் ரப்பர் கொட்டையில் செய்த விளையாட்டுச் சாமான் மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

செய்முறை இதுதான். கொட்டையின் மேலும் கீழும் ஒவ்வொரு துளை, பக்கத்தில் ஒரு துளை. உள்ளே இருக்கும் பருப்பை ஆணியால் குடைந்து வெளியே எடுத்துவிட வேண்டும். மேலிருந்து கீழாக ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, குச்சியில் நூல் கட்டி, நூலின் நுனியைப் பக்கத்துத் துளை வழியே வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். குச்சியின் தலையில் மூங்கில் சிம்பில் செதுக்கிய இறக்கை. நூலைச் சுற்றி, இழுத்து விட்டால் இறக்கை சுழலும். சுழன்ற வேகத்திலேயே நூல் மறுபடி சுற்றிக்கொள்ளும். மறுபடி இழுக்கலாம். கரண்டு வேண்டாம். சுவிட்சு அவரவர் கையில்.

தாத்தா அதை மண்டபத்து வாசற்படியில் உட்கார்ந்து செய்தார். தம்பியைக் கூப்பிடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. முதல் வாரம் தம்பி தூரத்தில் நின்றான். இரண்டாவது வாரம் பக்கத்தில் வந்தான். மூன்றாவது வாரம் தாத்தா கையிலிருந்து வாங்கி நூலை இழுத்தான். அன்று அவன் சிரித்த சிரிப்பை வீடியோ எடுக்க வேண்டாம் என்று நானே சொன்னேன்.

பிறகு அது தானாக வளர்ந்தது. இரண்டு இறக்கை வைத்தால் எப்படிச் சுற்றும், மூன்று வைத்தால் எப்படி என்று அவனே மாற்றி மாற்றிப் பார்த்தான். மற்றப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண்பிள்ளை செய்த காத்தாடி தள்ளாடியது. தம்பி அதைக் கையில் வாங்கி, இறக்கையின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் சீவிக் கொடுத்தான். தள்ளாட்டம் நின்றது. வகுப்புக்கு வந்த நாளிலிருந்து இன்னொரு பிள்ளையிடம் அவனாகப் போனது அதுதான் முதல் தடவை.

பொங்கலுக்குக் கோலம் போடும்போது ஓர் அக்காவுக்கு யோசனை வந்தது. மண்டபத்தில் நான்கு காத்தாடிக்கு மூன்று இறக்கை, இரண்டுக்கு ஐந்து இறக்கை. ஒவ்வொன்றின் கீழேயும் அதே எண்ணிக்கையில் சுழலும் கோலம் போட்டால் என்ன? மூன்று இதழ்க் கோலத்தை மூன்றில் ஒரு சுற்று திருப்பினால் அதே கோலம் வரும். ஐந்து இதழை ஐந்தில் ஒரு சுற்று. கணக்குப் பாடத்தில் தூங்கும் பிள்ளைகள்கூட அன்று எழுந்து உட்கார்ந்தார்கள். எந்தக் காத்தாடிக்கு எது என்று சொல்லும் அதிகாரி யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. டேனியல் லெகாஃப் என்ற அமெரிக்க உளவியலாளர், லெகோ கட்டைகளில் ஆர்வமுள்ள ஆட்டிசப் பிள்ளைகளை ஒன்றாகக் கட்டவிட்டுப் பார்த்தார். ஒருவர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல, ஒருவர் கட்டையை எடுத்துக் கொடுக்க, ஒருவர் கட்ட வேண்டும். பேச்சும் பழக்கமும் அதனூடே வந்தன. 2004-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். இன்று பல நாடுகளில் அந்த முறை நடக்கிறது. நம் நாட்டில் 1980-களிலிருந்து இயங்கும் நாசோம் என்ற தேசிய ஆட்டிசச் சங்கம் பேராக்கிலும் பிள்ளைகளுக்கு உதவி வருகிறது. தேவைப்படும் குடும்பங்கள் அணுகலாம்.

நம் சமயம் என்ன சொல்கிறது?

சில வீடுகளில் இந்தப் பிள்ளைகளைப் பற்றி, "போன ஜென்மத்துப் பாவம்" என்பார்கள். வேறு சிலர், "தெய்வக் குழந்தை" என்று காலில் விழப் போவார்கள். இரண்டுமே அந்தப் பிள்ளையை நேராகப் பார்க்காமல் இருப்பதற்கான வழிகள் என்று எனக்குத் தோன்றுகிறது. கர்மக் கொள்கை, என் செயலுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல வந்தது. பக்கத்து வீட்டுத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை.

நம்மிடம் இதைவிட நல்ல பாடங்கள் இருக்கின்றன. திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் கட்டக் கையில் பொருள் இல்லை. மனத்துக்குள்ளேயே நாள் பார்த்து, அடித்தளம் போட்டு, கல் கல்லாக, வரிசை வரிசையாகக் கட்டினார். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள். அதே நேரம் காஞ்சியில் பல்லவ மன்னன் பெரிய கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். இறைவன் அவன் கனவில் வந்து, அன்று நான் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றார். மன்னன் திருநின்றவூருக்குப் போய்க் கோயிலைத் தேடினால், அப்படி ஒரு கட்டடமே இல்லை.

சாக்கிய நாயனார் நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல் எறிவார். எறியாமல் சாப்பிட மாட்டார். ஒருநாள் மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்தவர், நினைவு வந்ததும் எழுந்து ஓடினார். ஒரே செயல், ஒரே இடம், தினமும். பார்ப்பவர்களுக்கு அது கல்லெறி. ஏற்றுக்கொண்டவருக்கு அது மலர்.

நாயன்மார்களுக்கு ஆட்டிசம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது இரு தரப்புக்கும் மரியாதை ஆகாது. அந்தத் தம்பி பார்ப்பது சிவனை அல்ல, காத்தாடியைத்தான். நான் சொல்ல வருவது பார்க்கிற நம்மைப் பற்றி. ஒருவர் மனம் எதில் ஒன்றுகிறது என்பதை வெளியே நின்று பார்த்து மட்டம்தட்ட வேண்டாம் என்று நம் பெரியபுராணம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆளுக்கோர் இஷ்ட தெய்வம் உண்டு, அவரவர் வாசல் வழியாக அவரவர் வரலாம் என்று ஏற்றுக்கொண்ட சமயம் நம்முடையது. அந்த விரிவு மண்டபத்துக்குள் வந்ததும் ஏன் சுருங்கிவிடுகிறது? பாடினால்தான் பக்தி, வரிசையில் உட்கார்ந்தால்தான் நல்ல பிள்ளை என்று யார் நமக்குச் சொன்னது?

மூன்று சந்தேகங்கள்

"இப்படியே விட்டால் அதிலேயே மூழ்கிவிட மாட்டானா?" இது அவன் அப்பாவின் பயம். நியாயமான பயம். குளிக்க, சாப்பிட, சாலையைக் கடக்க அவன் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். விருப்பம் என்பதற்காகப் பிறருக்கோ தனக்கோ ஆபத்தானதை அனுமதிக்கவும் முடியாது. ஓடும் காத்தாடிக்குள் கை விட வந்தால் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் கற்பிப்பதற்கும் பேரம் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. இறக்கையை வைத்து எண்ணச் சொல்லித் தரலாம். காத்தாடியின் பெயரை வைத்து எழுத்து சொல்லித் தரலாம். அவன் விருப்பம் நாம் சேர்ந்து போகிற சாலையாக இருக்கட்டும். அதன் நடுவில் டோல் சாவடி கட்டி வசூலிக்க வேண்டாம்.

"திறமையை வெளியே காட்டலாமே?" ஆண்டு விழாவில் தம்பியை மேடையேற்றலாம் என்று செயலவையில் பேச்சு வந்தது. எனக்கும் ஆசைதான். ஆனால் யாருக்காக? ஒலிபெருக்கி அவனுக்கு வேதனை. கடைசியில் மண்டபத்தின் பின்மூலையில் ஒரு மேசை போட்டோம். காத்தாடிகளை வைத்துவிட்டு, விரும்பினால் இருக்கலாம், இல்லையென்றால் போகலாம் என்றோம். இருபது நிமிடம் இருந்தான். தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அது தோல்வி அல்ல. போகலாம் என்று நாங்கள் சொன்னது உண்மை என்பதை அவன் சரிபார்த்துக்கொண்டான். ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லாரும் ஸ்டீபன் வில்ட்ஷயர் அல்லர். ஆகவும் வேண்டியதில்லை. விற்கும் ஓவியம் வரைந்தால்தான் மதிப்போம் என்றால், அதுவும் சம்பளக் கணக்குத்தான்.

மூன்றாவது சந்தேகம் அவன் அம்மாவினுடையது. "இன்னிக்கு நீங்க எல்லாம் இருக்கீங்க. நான் போனப்புறம்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு ரப்பர் கொட்டை இதற்குப் பதிலாகாது. நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கல்வி, வேலை மட்டுமல்லாமல் பண்பாட்டு வாழ்வில் பங்குபெறுவதையும் பேசுகிறது. ஆனால் சட்டம் பக்கத்தில் வந்து உட்காராது. டோனால்ட் முதுமை வரை நிம்மதியாக வாழ்ந்ததற்குப் பெற்றோரின் வசதி ஒரு காரணம். அவர் யார், எப்படிப்பட்டவர் என்று தெரிந்த ஓர் ஊர் சுற்றி இருந்தது இன்னொரு காரணம். வசதியை நம்மால் உடனே உண்டாக்க முடியாது. ஊராக இருக்க முடியும்.

நம் கிளைகள் என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். உங்கள் வகுப்பிலோ முகாமிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், முதல் மாதம் எதையும் கற்பிக்காமல் எதைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். பெற்றோரிடம் "என்ன பிரச்சினை?" என்று கேட்பதற்கு முன், "என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். பஸ் எண்ணா, கோயில் மணியா, எறும்பா, எதுவானாலும் நீங்களும் அதைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். சத்தம் அதிகமானால் போய் உட்கார ஓர் அமைதியான மூலை வைத்திருங்கள். எதையாவது செய்யும் முன் உங்களையே இரண்டு கேள்வி கேளுங்கள். இதிலிருந்து எனக்கு ஒரு பயனும் இல்லாவிட்டாலும் இந்த விருப்பத்தை மதிப்பேனா? இந்தப் பிள்ளை 'வேண்டாம்' என்றால் அது எடுபடுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்ல முடியாவிட்டால், சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். நான் எடுக்கத் தாமதித்தேன்.

தம்பி இன்னும் தேவாரம் பாடுவதில்லை. மற்றவர்கள் பாடும்போது மல்லாந்து படுத்து மேலே பார்க்கிறான். சில வாரம் நானும் பக்கத்தில் படுத்துப் பார்க்கிறேன். முதல் தடவை அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி இடம் விட்டான். அவன் அம்மா என்னிடம் பழையபடி பேசுகிறார்.

போன வாரம் அவன் மீண்டும், "ஒண்ணு ஆடுது" என்றான். இந்த முறை ஐந்தாவது காத்தாடி. ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.